இடது காலின் தடம்

பதினொரு வருஷத்துக்கு முன்னால் கல்லூரி அலுவலகத்தில் ஒரு தாளில் மூன்றே சொல் எழுதினார்கள். தரை ஈரமாக இருந்தது. அந்த மூன்று சொல் தரைக்காரருக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

எழுதியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை வாங்கிவந்து, இரண்டு பக்கமும் ‘எச்சரிக்கை, ஈரத் தரை’ என்று எழுதி, கூடைப்பந்து அரங்கின் வாசலில் எந்நேரமும் நிற்க வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். கொளுத்துகிற வெயிலிலும் அது நிற்கும். அரங்கைப் பூட்டிய நாளிலும் நிற்கும். காலையில் உள்ளே போகும்போது அதற்கு ஓர் உதை, சாயங்காலம் பூட்டும்போது ஓர் உதை என்று தரைக்காரர் தவறாமல் கொடுத்துவந்தார். விழுந்ததைத் தூக்கி நிறுத்துகிறவரும் அவர்தான். அதுதான் கொடுமை.

அரங்கின் மரத் தரையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இருபத்தாறு வருஷம் ஆகிறது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. துடைப்பான் கிட்டத்தட்ட மூன்று முழம் அகலம். அதைத் தள்ளிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனால் ஒரு நடை. பதிமூன்று நடையில் ஆடுகளம் முடியும். பன்னிரண்டில் முடிந்தால் எங்கோ ஓரம் விட்டுப்போயிற்று. பதினான்கு ஆனால் மனசு வேறெங்கோ மேய்ந்தது. ஷூ ரப்பர் இழுத்துவிட்ட கறுப்புக் கோடுகளுக்குத் துடைப்பான் போதாது. பழைய டென்னிஸ் பந்தைக் கீறி ஒரு கம்பின் முனையில் செருகி வைத்திருக்கிறார். நாலு தேய் தேய்த்தால் கோடு போன இடம் தெரியாது. தண்ணீரை மட்டும் அந்தப் பக்கம் அண்டவிட மாட்டார். மரத்துக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. பந்தாட வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலைக் கோட்டுக்கு வெளியே வைக்க வேண்டும், அதுவும் மூடி போட்டு. அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் தரையை ஈரமாக விட்டார் என்று எழுதினார்கள்.

அன்றைக்கு விழுந்தவள் பம்பரம். ஆள் குள்ளம். பந்தை வாங்கி, நின்ற இடத்திலேயே ஒரு சுழல் சுழன்று, தடுக்க வந்த இரண்டு பேரை ஒருவர்மேல் ஒருவரை முட்டவிட்டு நழுவிப் போய்விடுவாள். அதனால் அந்தப் பெயர். அரையிறுதி ஆட்டம், சொந்த அரங்கு, மேல்வரிசை வரைக்கும் கூட்டம். பம்பரம் சுழன்றாள், எழும்பினாள், இறங்கும்போது இடது முட்டி உள்பக்கமாக மடிந்தது. அதோடு அவள் ஆட்டம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் விளையாட்டுப் பொறுப்பாளர் போய்க் கேட்டபோது, “வழுக்கிடுச்சு சார்” என்றாள். வழுக்கியது என்றால் தரை. தரை என்றால் தரைக்காரர். பொறுப்பாளர் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

இதில் தரைக்காரர் யாரிடமும் சொல்லாத பாதி ஒன்று உண்டு.

காலையில் உயரத்து ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில், மெருகு போட்ட அந்தத் தரையில் ஒவ்வொரு காலடியும், வாயால் ஊதிய கண்ணாடி மாதிரி, மங்கலாகத் தெரியும். யார் எங்கே ஓடினார்கள், யார் ஓடாமல் ஓடின மாதிரி பாவனை பண்ணினார்கள், எல்லாம் தெரியும். அந்த அரையிறுதிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கூடைக்கு அடியில் பம்பரத்தின் வலது காலடி மட்டும்தான் முழுசாக விழுந்தது. இடது பக்கம் பெருவிரல் இடத்தில் ஒரு பொட்டு. அவ்வளவுதான். இந்தப் பொண்ணு காலை ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஆடுது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. துடைக்கிறவன் பேச்சை எவன் கேட்கப் போகிறான் என்று பதிமூன்று நடை நடந்தார், துடைத்தார், போய்விட்டார்.

ஆகையால் பலகைக்கு விழுகிற உதையில் ஒரு பங்கு அவருக்கே விழுகிற உதை. அதை அவர் ஒத்துக்கொண்டதில்லை.

இந்த வருஷம் ஆட்டப் பருவம் முடிந்து அரங்கை மூன்று வாரம் பூட்டி வைத்திருந்தார்கள். அடுத்த பருவத்துக்கு நாலு மாசம் இருந்தது. அணியில் ஐந்து பெண்கள் படிப்பை முடித்துப் போயிருந்தார்கள். பழைய கோச்சும் கிளம்பிவிட்டார். புதிதாக மூன்று பெண்கள் வருகிறார்கள், புது கோச்சும் வருகிறார் என்று தகவல் வந்தது. தரைக்காரர் ஞாயிற்றுக்கிழமையே வந்து மூன்று வாரத் தூசியையும் எடுத்து, தரையில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்து வைத்தார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு குள்ளமாக ஒருத்தி உள்ளே வந்தாள். கழுத்தில் விசில், கையில் நோட்டு, இடது காலை ஒரு நூல் பின்னால் எடுத்து வைக்கிற நடை. மஞ்சள் பலகைக்கு முன்னால் நின்றாள். ஒரு பக்கம் படித்தாள். சுற்றிப் போய் மறுபக்கமும் படித்தாள்.

“அண்ணா, இது எப்பலேருந்து இங்க நிக்குது?”

“பதினொரு வருஷமா நிக்குது, மேடம்.”

வா தங்கச்சி, போ தங்கச்சி என்று ஒரு காலத்தில் கூப்பிட்டவர் அவர். பம்பரத்தின் முகம் சுருங்கியது. “மேடமா?” என்றாள்.

“கோச்சை வேற எப்படிக் கூப்பிடறதாம்?” என்று சொல்லிவிட்டு, துடைத்த தரையையே இன்னொரு முறை துடைக்கக் கிளம்பிவிட்டார்.

ஏழு மணிக்குள் புதியவர்கள் மூன்று பேரும் ஆடத் தொடங்கிவிட்டார்கள். பழைய பெண்கள் பாதிப் பேர் கூட ஆடி, பாதிப் பேர் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்து, அரைமணி நேரத்தில் மூவருக்கும் பெயர் வைத்து முடித்தார்கள். முதலாமவள் வக்கீல். விசில் ஊதுவதற்கு முன்பே வாதாடத் தொடங்கிவிடுவாள். “கோச், நான் தொடவே இல்ல. என் பக்கத்துக் காத்துதான் அவ மேல பட்டுச்சு.” இரண்டாமவள் தபால்காரி. வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் பந்தை யாருக்கு அனுப்புகிறாளோ அவர் கைக்கே போய்ச் சேரும், வேறு வீட்டுக் கதவைத் தட்டாது. மூன்றாமவள்தான் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தாள். ஆறடிக்கு மேல் உயரம், கை நீட்டினால் வலையின் நூல் விரலில் படும். எதிராளி எறிகிற பந்தையெல்லாம் பூ பறிக்கிற மாதிரி பறித்து இறக்கினாள். அவளுக்குக் கொக்கு என்று பெயர் விழுந்தது.

பம்பரம் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தட்டினாள்.

“வக்கீலுக்கு வாயைக் குறைக்கணும், கால் நல்ல வேகம். தபால்காரியைப் பேச வைக்கணும், களத்துல கத்தாம ஆட முடியாது. ஆனா அந்தக் கொக்கு இருக்கா பாருங்க அண்ணா, அவ ஒருத்தி போதும். அஞ்சு பேர் போன ஓட்டையை அவளே அடைச்சிடுவா. நீங்க பாத்தீங்களா?”

“நான் தரையைத்தானே பாக்கறேன், மேடம்” என்றார் தரைக்காரர்.

உண்மையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தரையைத்தான். கூடைக்கு அடியில் ஒரு வலது காலடி, பெரிசு, முழுசு. பக்கத்தில் ஒரு பொட்டு.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை பொறுப்பாளர் முன்னிலையில் பக்கத்துக் கல்லூரி அணியோடு ஒரு தேர்வு ஆட்டம் இருந்தது. அதில் ஆடிக் காட்டியவர்களுக்குத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் படிப்புக்கு இடமும் விடுதியில் அறையும் உறுதி ஆகும். ஆடாதவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் விடுதியின் சலவை அறைக்குப் போனார். அங்கே அவர் மனைவிக்கு வேலை. அணியின் உடுப்பெல்லாம் அவள் கையால்தான் வெளுக்கும். இரண்டு மிஷின் இருக்கிறது. ஒன்று ஓடும்போது ஆடி ஆடித் தானே நடந்து வாசல்வரை வந்துவிடும். அவள் ஒரு காலை அதன் மேல் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டு துணி மடிப்பாள்.

“என்னங்க, மூஞ்சி துடைப்பான் மாதிரி தொங்குது?”

தரைக்காரர் சொன்னார். வலது காலடி, பொட்டு, சனிக்கிழமை எல்லாம் சொன்னார். அவள் குனிந்து, மடித்த துணிகளுக்குள்ளிருந்து ஒரு ஜோடி நீளக் காலுறையை உருவினாள்.

“இது அந்த நெட்டைப் பொண்ணோடது. இடது மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு இல்ல? பிளாஸ்திரிப் பசை. மூணு தண்ணி போட்டும் போகல. மோந்து பாருங்க, தைல வாடை. வலதுல ஒண்ணுமே இல்ல. உள்ளுக்குள்ள முட்டியைச் சுத்திக் கட்டிக்கிட்டு ஆடுது.” காலுறையை அவர் கையில் வைத்தாள். “கொக்குன்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்குங்க. ஒத்தக் கால்லதான் நிக்குது.”

“சொன்னா அந்தப் பொண்ணுக்கு இடம் போயிடும்டி.”

“சொல்லாட்டி முட்டி போயிடும். இடம் இங்க போனா இன்னொரு காலேஜ்ல கிடைக்கும். முட்டி எங்க கிடைக்கும், கடையிலயா?” மிஷின் ஒரு குதி குதித்தது. அவள் ஓர் உதை விட்டாள், அது அடங்கியது. “பதினொரு வருஷத்துக்கு முன்னாடியும் இதே மூஞ்சியோட வந்து இதே இடத்துல நின்னீங்க. என்னமோ முணுமுணுத்தீங்க. மிஷின் சத்தத்துல எனக்குக் கேக்கல.”

“அன்னைக்கு நான் ஒண்ணுமே சொல்லல.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

வியாழக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார். வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது நல்லது. பயிற்சி முடிந்ததும் கோச்சைக் கூப்பிட்டு, வெயில் சாய்வாக இருக்கும்போதே, கூடைக்கு அடியில் விரலை வைத்துக் காட்டிவிட வேண்டும். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கொக்கு அன்றைக்கு இருபது தடவையாவது குதித்தாள். கடைசி விசில் ஊதியது. பெண்கள் வெளியேறினார்கள். பம்பரம் யாருடனோ போனில் பேசிக்கொண்டு ஓரமாக நின்றாள். சரி, பேசி முடிக்கட்டும் என்று தரைக்காரர் காத்திருந்தார். காத்திருக்கும்போது அவர் கை சும்மா இருக்காது.

பதிமூன்றாவது நடையின் முடிவில்தான் அவருக்கு உறைத்தது.

“மேடம்” என்றார், துடைப்பானைப் பிடித்தபடியே. “அந்த உசரமான பொண்ணு இடது கால்ல இறங்க மாட்டேங்குது.”

பம்பரம் போனைப் பையில் போட்டாள். “யார் சொன்னது? நாலு நாளா நான் பாக்கறேன், என்னமா ஆடறா. நீங்க எங்க பாத்தீங்க?”

“தரையில.”

“காட்டுங்க.”

“துடைச்சுட்டேன்.”

பம்பரம் பளபளத்த தரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “தடயத்தைத் துடைச்சுட்டு வந்து சாட்சி சொல்றீங்களா அண்ணா?”

“இருபத்தாறு வருஷப் பழக்கம். கை நம்ம பேச்சைக் கேக்கல.” சட்டைப் பையிலிருந்து காலுறையை எடுத்து நீட்டினார். “இது துவைச்சதுதான். பயப்படாம மோந்து பாருங்க.”

அவள் மோந்தாள். விளிம்பை விரலால் தடவினாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்காரும்போது இடது காலை முதலில் நீட்டி, அப்புறம் மெதுவாக மடக்கினாள்.

“எனக்கும் இப்படித்தான் விழுந்துச்சா? தடம்?”

“ரெண்டு வாரமா.”

“நீங்க சொல்லலையே.”

“நீங்களும்தான் சொல்லல, மேடம். வழுக்கிடுச்சுன்னு மட்டும் சொன்னீங்க.”

பம்பரம் தலையை ஆட்டினாள். “ஆமா, சொன்னேன். முட்டி முன்னாடியே போயிருந்துச்சுன்னு தெரிஞ்சா இடத்தை ரத்து பண்ணிடுவாங்கன்னு பயம். பத்தொன்பது வயசு. அது உங்க தலையில போய் விழும்னு தோணவே இல்ல. திங்கக்கிழமை அந்தப் பலகையைப் பாத்தப்பதான்…” விசில் கயிற்றை விரலில் சுற்றினாள். “மன்னிப்பு கேக்கத்தான் வாயைத் திறந்தேன். நீங்க மேடம்னீங்க. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு.”

தரைக்காரர் துடைப்பானைச் சுவரில் சாய்த்தார். பதினொரு வருஷமாக இந்த நேரத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. “சரி, அதை விடு” என்றார். “இந்தப் பொண்ணுக்கு என்ன பண்ணப் போற?”

‘மேடம்’ என்ற சொல் காணாமல் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

கொக்கைக் கூப்பிட்டார்கள். வந்தாள், கூடைக்கம்பத்தைவிட நேராக நின்றாள்.

“இடது கால்ல மட்டும் எம்பு” என்றாள் பம்பரம்.

“கோச், ஷூ லேஸ் அவுந்திருக்கு.”

“லேஸ் நல்லாத்தான் இருக்கு. எம்பு.”

எம்பினாள். ஒரு சாண் உயரம்கூட இல்லை. இறங்கியபோது கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். உதட்டைக் கடித்த கடியில் ரத்தம் வரும் போலிருந்தது. “கோச், ஊருக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. ஸ்கூல் கடைசி ஆட்டத்துல பட்டது. சனிக்கிழமை ஒரே ஒரு ஆட்டம், பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடிடறேன். இடம் உறுதி ஆனதும் ஓய்வு எடுத்துக்கறேன், சத்தியமா.”

“நானும் ஒரே ஒரு ஆட்டம்தான்னு நினைச்சேன்” என்றாள் பம்பரம். “நினைச்ச மாதிரியே அது ஒரே ஒரு ஆட்டமா முடிஞ்சு போச்சு. சனிக்கிழமை நீ ஆடல. ஊருக்கும் போகல. ரெண்டுல எதுக்கும் என்கிட்ட பேரம் பேசாதே.”

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரிடம் காட்டினார்கள். முட்டிக்குள் நார் பாதி கிழிந்திருக்கிறது, கத்தி வைக்க வேண்டாம், மூன்று மாசம் குதிக்காமல் சொன்ன பயிற்சியைச் செய்தால் கூடிவிடும், குதித்தால் மிச்சமும் போகும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு பம்பரம் பொறுப்பாளர் அறைக்குப் போனாள். போகிற வழியில் அரங்குக்கு வந்து, “நீங்களும் வாங்க” என்று தரைக்காரரை இழுத்துக்கொண்டு போனாள்.

அதே அறை. அதே ஆள், தலையில் மயிர்தான் குறைந்திருந்தது. கண்ணாடி அலமாரியில் கோப்பைகள், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பழைய அணிகளின் போட்டோக்கள். தரைக்காரர் கதவருகிலேயே நின்றுகொண்டார்.

“ஆடாத ஆளுக்கு எதுக்கும்மா இடம்?” என்றார் பொறுப்பாளர். “வேற பொண்ணு இல்லாமலா போச்சு?”

“மூணு மாசத்துல ஆடுவா சார். குதிக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்கார். குதிக்காம பாத்துக்கறது என் பொறுப்பு.”

“அவளே மறைச்சதை யார் கண்டுபிடிச்சது?”

பம்பரம் கையைக் காட்டினாள்.

“தரை துடைக்கிறவரா?”

“ஆமா சார். உங்களுக்கும் எனக்கும் தெரியறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சுது. என் முட்டி விஷயமும் முன்னாடியே தெரியும்.” அவள் நாற்காலியில் உட்காராமல் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். “அன்னைக்குத் தரை ஈரமா இல்ல. நான்தான் பொய் சொன்னேன். அந்தத் தாளை எடுங்க. கீழ எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எந்தத் தாள்?”

“தரை ஈரம்னு எழுதினீங்களே.”

“அந்த வருஷத்துக் கட்டெல்லாம் ஆறு வருஷத்துக்கு முன்னாடியே எடைக்குப் போட்டாச்சேம்மா.”

தரைக்காரர் கதவை விட்டு ஓர் அடி முன்னே வந்தார். பதினொரு வருஷமாக அவர் தலையில் சுமந்த தாள் ஆறு வருஷத்துக்கு முன்பே எங்கேயோ பொட்டலம் கட்டப் போயிருக்கிறது. “அப்ப அந்தப் பலகை?” என்றார்.

“எந்தப் பலகை?”

“அரங்கு வாசல்ல, மஞ்சளா.”

“அது நீங்க வெச்சதுன்னுல்ல நினைச்சேன்!” என்றார் பொறுப்பாளர்.

பம்பரம் சிரிக்கக் கூடாது என்று கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு நின்றாள். பொறுப்பாளர் டாக்டர் சீட்டை மறுபடி படித்தார். “மூணு மாசம் தரேன். பருவம் தொடங்கறதுக்கு முந்தின வாரம் நானே வருவேன். என் கண்ணு முன்னால ரெண்டு காலையும் ஊன்றி இறங்கணும். இல்லேன்னா அவ இடம் ரத்து.”

“என் வேலையும்னு சேர்த்து எழுதிக்குங்க” என்றாள் பம்பரம்.

“யோசிச்சுச் சொல்லும்மா.”

“யோசிச்சாச்சு சார். எழுதுங்க.”

அவர் எழுதினார். இந்தத் தடவை அந்தப் பேனாவின் சத்தம் தரைக்காரருக்கு அவ்வளவு மோசமாகப் படவில்லை.

சனிக்கிழமை கொக்கு இல்லாமல் ஆடி, அணி பதினான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. “நடுவர் கண்ணாடி போடணும்” என்றாள் வக்கீல். புதியவர்கள் இரண்டு பேருக்கும் இடம் உறுதி ஆயிற்று.

திங்கட்கிழமை தரைக்காரர் மஞ்சள் பலகையை வாசலிலிருந்து தூக்கினார். குப்பையில் போடத்தான் தூக்கினார். பம்பரம் அதை வாங்கி அரங்கின் ஒரு மூலையில் குறுக்கே நிறுத்தி, “இதுக்கு அந்தப் பக்கம் நீ வரக் கூடாது” என்று கொக்கிடம் சொன்னாள். மூன்று மாசமும் கொக்கின் உலகம் அந்த மூலைதான். சலவை அறையிலிருந்து தரைக்காரர் மனைவி தைத்துக் கொடுத்த மணல் பை இரண்டு அங்கே கிடந்தது. ஒன்று கொக்கின் காலுக்கு, மற்றது பம்பரத்தின் காலுக்கு. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு இடது காலைத் தூக்குவார்கள், பத்து எண்ணுவார்கள், இறக்குவார்கள். நாளைக்கு நூறு தடவை. ஒருத்தி கால் பாயைத் தாண்டி ஒரு முழம் நீளும், இன்னொருத்தி கால் பாயின் முக்கால்தான் வரும்.

“உங்களுக்கு எதுக்கு கோச் இது? பதினொரு வருஷம் ஆச்சே.”

“முட்டிக்கு வருஷம் தெரியாது. எண்ணு.”

அப்படி எண்ணுகிற நேரத்தில்தான் பம்பரத்தின் மிச்சக் கதை தரைக்காரர் காதில் துண்டு துண்டாக விழுந்தது. ஆட்டம் போனபிறகும் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறாள். வேலை கிடைக்காமல் ஒரு ஷூக் கடையில் நாலு வருஷம் நின்றிருக்கிறாள். குனிந்து குனிந்து மனுஷர்களின் காலுக்கு ஷூ மாட்டிவிடுகிற வேலை. அங்கேதான் யார் எந்தக் காலை எப்படி வைக்கிறார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொண்டாளாம். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற வேலை. லீவு நாளில் கோச் படிப்பு. “நொண்டி கோச்சான்னு சிரிச்சாங்க. சிரிச்சவங்க டீமை எங்க பிள்ளைங்க முப்பது புள்ளியில தோக்கடிச்சாங்க” என்றாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரே அறை வீடு, அவளும் அவள் அம்மாவும். ஷூக் கடை காலத்திலிருந்து ஒரு நாள்கூட ஐந்து மணிக்கு மேல் தூங்கியதில்லை என்று அம்மா பெருமைப்படுவாளாம். அதைச் சொல்லும்போது பம்பரம் கொட்டாவி விட்டாள்.

ஒரு நாள் ஆசை தாங்காமல் கொக்கு பலகையைத் தாண்டிக் கால் வைத்தாள். பந்து அவள் பக்கம் உருண்டு வந்திருந்தது. பம்பரம் திரும்புவதற்குள் தரைக்காரர் டென்னிஸ் பந்துக் கம்பைக் குறுக்கே நீட்டிவிட்டார். “அந்தப் பக்கம் தரை ஈரமா இருக்கு” என்றார். களம் முழுக்கச் சிரித்தது. கொக்கு மூலைக்குத் திரும்பினாள்.

இதற்குள் வக்கீல் வாயைப் பாதி குறைத்திருந்தாள். தபால்காரி களத்தில் ஒரு சொல் கத்தப் பழகியிருந்தாள், “இங்க!” என்று. அந்த ஒரு சொல்லுக்கே எல்லோரும் கை தட்டினார்கள்.

சொன்ன வாரத்தில் பொறுப்பாளர் வந்தார். காலை எட்டு மணி, ஜன்னலில் மேகம். டாக்டர் அதற்கு முந்தின நாள்தான் குதிக்கலாம் என்று தலை அசைத்திருந்தார். கொக்கு கூடைக்கு அடியில் நின்று, கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அணியில் ஒருத்தியும் உட்காரவில்லை. பம்பரம் வெளிச்சத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

“வெயில் இல்ல. தடம் தெரியாது. அண்ணா, ஒரு ஈரத் துணி கொண்டாங்க.”

“எதுக்கு?”

“அதுல ஷூவைத் தேய்ச்சுட்டுக் குதிக்கட்டும். பிடிப்பும் கிடைக்கும். எங்க பட்டுதுன்னு சாருக்கும் தெரியும்.”

தரைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கையால் இந்தத் தரைக்குத் தண்ணீர். போனார், நனைத்தார், சொட்டுப் போகப் பிழிந்தார், மறுபடி பிழிந்தார், பாம்பைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

கொக்கு துணியில் இரண்டு ஷூவையும் தேய்த்தாள். தபால்காரி பந்தைக் கூடைப் பலகை மேல் எறிந்தாள். கொக்கு எழும்பிப் பறித்தாள், இறங்கினாள். எல்லோரும் குனிந்தார்கள். வலது தடம் கறுப்பாக, முழுசாக. இடது தடம் பாதி. குதிகால் இல்லை.

பொறுப்பாளர் தொண்டையைச் செருமினார். பம்பரத்தின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. “பயத்துல இறங்கற” என்றாள் கொக்கிடம். “முட்டி சரியாயிடுச்சு, மனசுதான் இன்னும் மூலையில நிக்குது. மூணு மாசம் நாளைக்கு நூறு தடவை தூக்கின கால் அது. அதை நம்பு. மறுபடி.”

கொக்கு மறுபடி ஷூவைத் தேய்த்தாள். பந்து மேலே போயிற்று. இந்தத் தடவை அவள் எழும்பிய உயரத்தில் வலை முழங்கையில் உரசியது. இறங்கிய சத்தம் ஒரே சத்தம், டப் என்று, ஒரு கதவு சரியாகச் சாத்திக்கொள்கிற மாதிரி. அவள் நகரவில்லை. பிறகு மெதுவாக ஒரு காலை எடுத்தாள், இன்னொரு காலை எடுத்தாள்.

இரண்டு தடம். பெருவிரல் முதல் குதிகால் வரை, பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுக்கொன்று குறைவில்லாமல்.

வக்கீல் கத்திய கத்தலில் அரங்கு அதிர்ந்தது. பொறுப்பாளர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இரண்டு தடத்தையும் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டியபடியே பேனாவைத் திறந்தார். தரைக்காரர் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“இப்பதான் சார் தரை ஈரமா இருக்கு. வேணும்னா எழுதிக்குங்க.”

சொல்லிக்கொண்டே கை தானாகத் துடைப்பானைத் தேடிப் போயிற்று. மரத்தின் மேல் தண்ணீர், அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. துடைப்பானை எடுத்து ஓர் அடி வைத்துவிட்டார். பம்பரம் இடது காலை இழுத்துக்கொண்டு வந்து அதன் முன்னால் நின்றாள்.

“துடைக்காதீங்கண்ணா” என்றாள். “அதுவா காயட்டும்.”